தொடர் முடிஞ்சுதான்னு கேக்காதீங்க, புத்தகம் முடிஞ்சுதான்னு கேளுங்க!

"புக்கு நல்லாருக்குன்னு சொல்ற, சரி. சீரிஸ் முடிஞ்சிருச்சா? இன்னும் இல்லையா? அப்போ முடிஞ்சதும் சொல்லு மச்சி, மொத்தமா படிச்சுக்கிறேன்."

ஃபேன்டஸி நாவல் படிக்கிறவர்கள் எல்லோரும் இந்தப் பதிலை ஒருமுறையாவது கேட்டிருப்பீர்கள். நீங்களே கூடச் சொல்லியிருக்கலாம். அதில் நியாயமும் இருக்கிறது. ஒவ்வொரு புத்தகமும் ஆயிரம் பக்கம். அதுவும் ஐந்து, பத்து, பதினாலு என்று நீளும் வரிசை. இடையில் இன்டர்னல், லேப் ரெக்கார்ட், ப்ளேஸ்மென்ட் ஆப்டிட்யூட் டெஸ்ட். இத்தனைக்கும் நடுவில் தூக்கத்தைத் தியாகம் செய்து படித்து, கடைசியில் "அடுத்த பாகம் எப்ப வரும்னு எழுதுறவருக்கே தெரியாதாம்" என்ற இடத்தில் போய் நின்றால் எரிச்சல் வராதா? கண்டிப்பாக வரும்.

ஆனாலும் "முடிஞ்சதும் படிக்கிறேன்" என்ற கொள்கை உங்களுக்குத்தான் நஷ்டம் என்பது என் கட்சி. அந்தக் கேள்வியே சரியில்லை. கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: உங்கள் கையில் இருக்கிற இந்த ஒரு புத்தகம் தன்னளவில் முடிகிறதா? முதல் பக்கத்தில் கிளப்பிய கேள்விக்குக் கடைசிப் பக்கத்துக்குள் ஏதாவது ஒரு பதில் தருகிறதா? தருகிறது என்றால் தொடர் முடிந்தாலும் முடியாவிட்டாலும் நீங்கள் செலவழித்த நேரம் வீணில்லை. தரவில்லை என்றால், பதினாலு பாகமும் அலமாரியில் வரிசையாக நின்றாலும் யோசித்துத்தான் கையில் எடுக்க வேண்டும்.

நம்ம பாஷையில் சொன்னால், டிகிரி எட்டாவது செமஸ்டர் முடிந்தால்தான் வரும். ஆனால் ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஒரு ரிசல்ட் உண்டு இல்லையா? அந்த செமஸ்டர் ரிசல்ட்டைப் பாருங்கள் என்கிறேன்.

(சின்ன எச்சரிக்கை: கீழே கொஞ்சம் ஸ்பாய்லர் இருக்கிறது. பெரிய மரணங்களுக்குப் பெயர் சொல்லாமல் போக முயற்சி செய்திருக்கிறேன்.)

முடிஞ்ச தொடர்னு நிஜமாவே ஒண்ணு இருக்கா?

முதலில் இந்த "முடிந்தது" என்ற வார்த்தையையே கொஞ்சம் சந்தேகப்படலாம். உர்சுலா லெ குவின் எழுதிய எர்த்சீ வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். மந்திரவாதிகளுக்கு என்று ஒரு பள்ளிக்கூடம், அங்கே படிக்க வரும் ஒரு ஏழைப் பையன் என்ற கதையை ஹாரி பாட்டருக்கு முப்பது வருடத்துக்கு முன்பே, 1968-ல் எழுதியவர் அவர். 1971-ல் இரண்டாவது, 1972-ல் மூன்றாவது. மூன்று புத்தகம், கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். "முடிஞ்சதும் படிக்கிறேன்" கோஷ்டி அப்போது நிம்மதியாக எடுத்துப் படித்திருக்கும்.

அப்புறம் 1990-ல் 'தெஹானு' வந்தது. பதினெட்டு வருடம் கழித்து! அட்டையிலேயே எர்த்சீயின் கடைசிப் புத்தகம் என்று போட்டிருந்தது. அதுவும் கடைசி இல்லை. 2001-ல் இன்னும் இரண்டு வந்தன. இதில் கவனிக்க வேண்டியது, தெஹானு வெறும் கூடுதல் பாகம் இல்லை. முதல் மூன்று புத்தகத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆண்கள் மட்டும்தான் படிப்பார்கள். அதை யாரும் கேள்வி கேட்கவில்லை, எழுதியவரும் கேட்கவில்லை. நாலாவது புத்தகத்தில் நடுத்தர வயது விதவையான டெனார் என்ற பெண்ணின் கண் வழியாக அந்தக் கேள்வியை அவரே எழுப்புகிறார். தான் கட்டிய உலகத்தையே திரும்பி நின்று விசாரிக்கிறார். 1972-ல் "சீரிஸ் கம்ப்ளீட்டட்" என்று டிக் போட்டவர்களுக்கு எர்த்சீயின் பாதிதான் தெரியும்.

டோல்கியன் இன்னொரு உதாரணம். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முடிந்த கதைதான். ஆனால் அந்த உலகத்தின் புராணம் முழுவதையும் சொல்லும் 'சில்மரில்லியன்' அவர் இளவயதில் தொடங்கி, வாழ்நாள் முழுக்கத் திருத்தித் திருத்தி எழுதியது. 1973-ல் அவர் இறக்கும்போதும் முடியவில்லை. மகன் கிறிஸ்டோபர் தொகுத்து 1977-ல் வெளியிட்டார். ஃபேன்டஸிக்கே பிதாமகர் என்று நாம் சொல்லும் ஆளின் மேஜையிலேயே பெண்டிங் வேலை இருந்தது.

செமஸ்டர் ரிசல்ட் பார்ப்போமா?

சரி, நான் சொன்ன சோதனையைப் பிரபலமான தொடர்கள் மேல் வைத்துப் பார்ப்போம்.

ஹாரி பாட்டர்: இதில் ரவுலிங்குக்கு டிஸ்டிங்ஷன். ஒரு புத்தகம் என்றால் ஒரு கல்வியாண்டு. ஒவ்வொரு ஆண்டும் ஒரு மர்மம், ஆண்டு முடிவதற்குள் அதற்கு ஒரு பதில். இரண்டாவது புத்தகத்தில் வரும் அந்த டைரியை நினைத்துப் பாருங்கள். 1998-ல் அதைப் படித்தவருக்குக் கதை அங்கேயே முழுசாக முடிந்துவிட்டது. டைரி என்ன, யாருடையது, எப்படி அழிந்தது, எல்லாம் தெரிந்துவிட்டது. ஏழு வருடம் கழித்து 2005-ல் ஆறாவது புத்தகம் வந்தபோதுதான் அந்த டைரிக்கு இன்னொரு பெரிய அர்த்தம் இருந்தது தெரிகிறது. அதாவது கதவு சாத்தித்தான் இருந்தது. ஆனால் பூட்டவில்லை. தொடரில் வரும் ஒரு புத்தகம் இப்படித்தான் முடிய வேண்டும்.

மிஸ்ட்பார்ன்: பிராண்டன் சாண்டர்சனின் வரிசை. முதல் புத்தகம் 2006-ல் வந்தது. ஆயிரம் வருடமாக ஒரே ஆள் ஆளும் பேரரசு. அதைக் கவிழ்க்க ஒரு திருட்டு கோஷ்டி திட்டம் போடுகிறது. கவிழ்த்தார்களா இல்லையா என்பது அதே புத்தகத்தில் தெரிந்துவிடும். அதோடு நிறுத்திக்கொண்டால்கூட ஒரு முழு நாவல் படித்த திருப்தி இருக்கும். நம்ம மக்களுக்கு ஒரு கூடுதல் போனஸ்: உலோகத்தை விழுங்கி அதை வயிற்றில் "எரித்து"ச் சக்தி பெறுவதுதான் இதில் மந்திரம். இரும்பை எரித்தால் உலோகத்தை இழுக்கலாம், எஃகை எரித்தால் தள்ளலாம். தள்ளப்படும் பொருள் உங்களைவிடக் கனமாக இருந்தால் பறக்கப்போவது நீங்கள்தான். நியூட்டனின் மூன்றாம் விதியை இவ்வளவு சுவாரசியமாக ஃபர்ஸ்ட் இயரில் யாரும் நமக்கு நடத்தவில்லை.

எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்: 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்று சொன்னால்தான் தெரியும். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் மூன்று பாகமாக எழுத நினைத்த கதை, இப்போது ஏழு பாகத் திட்டம். 1996, 1998, 2000 என்று முதல் மூன்று புத்தகமும் கிட்டத்தட்ட செமஸ்டர் தவறாமல் வந்தன. அந்த மூன்றும் என் சோதனையில் நல்ல மார்க்கோடு பாஸ். முதல் புத்தகத்தில் ஒரு நேர்மையான மனிதர் தலைநகருக்குப் போய் ஒரு மரணத்தை விசாரிக்கிறார். அந்த விசாரணைக்கும் அவருக்கும் அதே புத்தகத்தில் முடிவு வந்துவிடுகிறது. மூன்றாவது புத்தகத்தில் இரண்டு கல்யாணம், ஒரு தேர்தல், ஒரு கழிவறைக் கொலை எல்லாம் முடிந்து கீழே வைக்கும்போது, ஐந்து அரசர்களின் போர் என்ற பெரிய கதை ஏறக்குறைய ஓய்ந்துவிடும். இந்த மூன்றை மட்டும் ஒரு முழுக் கதையாக எண்ணித் தாராளமாகப் படிக்கலாம்.

சிக்கல் அதற்கப்புறம்தான். நாலாவது புத்தகம் 2005-ல் வந்தது. கதை கைமீறிப் பெருத்துவிட்டதால் பாத்திரங்களை ஊர்வாரியாகப் பிரித்து, பாதிப் பேரை அடுத்த பாகத்துக்குத் தள்ளிவிட்டார். ஜான், டிரியன், டெனேரிஸ் மூன்று பேரின் அத்தியாயமும் அதில் கிடையாது. மீதி அடுத்த வருடமே வந்துவிடும் என்ற நம்பிக்கையைப் புத்தகத்தின் கடைசியில் எழுதியிருந்தார். வந்தது 2011-ல். அந்த ஐந்தாவது புத்தகம் இரண்டு பெரிய போர்களுக்கு அறுநூறு, எழுநூறு பக்கம் நம்மைத் தயார்படுத்திவிட்டு, அந்தப் போர்கள் தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது. அங்கேதான் எனக்குக் கோபம். ஆறாவது புத்தகம் வரவில்லை என்பதைவிட, ஐந்தாவது புத்தகம் முடியவில்லை என்பதுதான் என் புகார்.

கிங்கில்லர் க்ரானிக்கிள்: பேட்ரிக் ராத்ஃபஸ் எழுதியது. இதன் உயிரே பல்கலைக்கழகப் பகுதிதான். நாயகன் குவோத் ஒவ்வொரு டெர்முக்கும் ஆசிரியர்கள் முன் வைவா போல உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். அதை வைத்து அந்த டெர்முக்கான ஃபீஸை அவர்கள் நிர்ணயிப்பார்கள். ஃபீஸ் கட்டக் காசில்லாமல் அவன் வட்டிக்கு வாங்கித் திண்டாடும் பக்கங்களைப் படித்தால் டிராகனைவிட அதுதான் பயங்கரமாகத் தெரியும். மந்திரமும் ஆற்றல் அழிவின்மை விதிக்குக் கட்டுப்பட்டது. இணைப்பு சரியில்லை என்றால் நடுவில் இழப்பு அதிகம்.

இவ்வளவு பிடித்தும் என் சோதனையில் இது அரியர்தான். காரணம் கதையின் அமைப்பு. ஒரு சத்திரக்காரன் தன் வாழ்க்கையை மூன்று நாளில் சொல்கிறேன் என்று உட்காருகிறான். ஒரு நாளுக்கு ஒரு புத்தகம். 2007-ல் முதல் நாள், 2011-ல் இரண்டாம் நாள். மூன்றாம் நாள் இன்னும் விடியவில்லை. இவ்வளவு பெரிய வீரன் எப்படி இந்தச் சத்திரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தான் என்பதுதான் முதல் அத்தியாயத்திலிருந்து நம்மை இழுக்கும் கேள்வி. அதற்கான பதிலை மொத்தமாக மூன்றாம் நாளுக்கே ஒத்திவைத்துவிட்டதால், இரண்டு புத்தகமும் அந்த மூன்றாவதை நம்பித்தான் நிற்கின்றன. பதில் தெரியாமல் தூக்கம் வராத ஆள் நீங்கள் என்றால் இதைத் தொடாதீர்கள். போகும் வழியே போதும் என்பவர் என்றால் போய் வாருங்கள், வழி அவ்வளவு அழகு.

தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்: இதை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. இது மூன்று புத்தகம் இல்லை, ஒரே நாவல். 1937-ல் தொடங்கி 1949 வாக்கில் எழுதி முடித்துவிட்டார். போருக்குப் பிறகு காகித விலை ஏறிக் கிடந்ததால் பதிப்பகம் மூன்றாக வெட்டி வெளியிட்டது. அதனால்தான் இரண்டாவது பாகம் ஃப்ரோடோ எதிரிகளிடம் மாட்டிக்கொண்ட இடத்தில் பட்டென்று நிற்கிறது. 1954 நவம்பரில் அதைப் படித்தவர்கள் 1955 அக்டோபர் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். நாம் மூன்றையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

காத்திருப்பதும் படிப்பில் சேர்த்திதான்

"சரி, ஆனா மொத்தமா படிச்சா ஃப்ளோ கிடைக்குமே?" என்பீர்கள். கிடைக்கும். கூடவே ஒன்றை இழப்பீர்கள்.

ஹாரி பாட்டர் ஆறாவது புத்தகத்தின் இறுதியில் ஒரு போலி லாக்கெட், அதற்குள் ஒரு துண்டுச் சீட்டு, கையெழுத்து இருக்கும் இடத்தில் ஆர்.ஏ.பி. என்ற மூன்று எழுத்து மட்டும். அது யார் என்று தெரிய 2007 வரை இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்தில் வாசகர்கள் சும்மா இருக்கவில்லை. பழைய புத்தகங்களைப் புரட்டி, ஐந்தாவதில் ஒரு குடும்ப மரத்தைப் பார்க்கும் காட்சியில் போகிற போக்கில் வந்த ஒரு பெயரைப் பிடித்து, ஆள் யார் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். சரியாகவும் இருந்தது. ஏழையும் ஒரே லீவில் முடிப்பவருக்கு ஆர்.ஏ.பி. ஒரு புதிரே இல்லை. அடுத்த புத்தகத்தைத் திறந்தால் பத்தாவது அத்தியாயத்தில் விடை.

ஜான் ஸ்னோவின் அம்மா யார் என்பதும் அப்படித்தான். முதல் புத்தகம் வந்த தொண்ணூறுகளிலேயே வாசகர்கள் அதைக் கணித்து இணையத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். டிவி தொடர் அதைக் காட்டியது கிட்டத்தட்ட இருபது வருடம் கழித்து. ஒரு கதையை மனதில் வைத்து இருபது வருடம் அசைபோட முடிந்தது என்றால் அது வெறும் தாமதமாகத் தெரியவில்லை எனக்கு. பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்தபோது நம் தாத்தா பாட்டி தலைமுறை செய்ததும் இதைத்தான். ஐந்து பாகமும் பைண்ட் ஆகி வரட்டும் என்று அவர்கள் உட்கார்ந்திருந்தால், வார இதழ் வாங்கவும், அடுத்த வாரம் வரை திண்ணையில் உட்கார்ந்து விவாதிக்கவும் யார் இருந்திருப்பார்கள்?

இதில் காசு சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கிறது. முதல் பாகம் விற்றால்தான் அடுத்த பாகத்துக்குப் பதிப்பகம் துணியும். 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' 1996-ல் வந்தவுடனே உலகம் அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடவில்லை. படித்தவர்கள் மெல்ல மெல்ல வாய்வழியாகப் பரப்பியதில்தான் வளர்ந்தது. 2005-ல் நாலாவது புத்தகம் வந்தபோது நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் நேராக முதலிடம். அந்த முதல் வாசகர்கள் எல்லோரும் "முடியட்டும் பார்க்கலாம்" என்றிருந்தால் மூன்றாவது புத்தகம்கூட நமக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். பெரிய எழுத்தாளர்களுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. முதல் புத்தகம் போட்டிருக்கும் புது ஆளுக்குத்தான் நம்ம கொள்கை வினையாக முடியும்.

முடிவு அவ்வளவு முக்கியமா?

ஸ்டீபன் கிங்கின் 'டார்க் டவர்' தொடர் இதற்கு நல்ல பதில். 1970-ல் எழுதத் தொடங்கி, முதல் புத்தகம் 1982-ல் வந்து, ஏழாவது 2004-ல் வந்தது. நடுவில் 1999-ல் சாலையில் நடந்துபோனபோது வேன் மோதிச் சாவின் விளிம்புவரை போய் வந்தார். அதற்குப் பிறகுதான் மீதி மூன்று புத்தகத்தையும் மளமளவென்று முடித்தார். அத்தனை வருடம் வாசகர்கள் கேட்ட ஒரே கேள்வி, கோபுரத்தின் உச்சியில் என்ன இருக்கிறது என்பதுதான். கடைசிப் புத்தகத்தில் அந்தப் பகுதி வருவதற்கு முன்னால் கிங் கதையை நிறுத்தி, நம்மிடம் நேராகப் பேசுகிறார்: இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது, முடிவு உங்களைத் திருப்திப்படுத்தாமல் போகலாம் என்கிற அர்த்தத்தில். முப்பது வருடம் உழைத்து முடிவை எழுதியவரே, பயணத்துக்காகத்தான் வந்தீர்கள் என்று நினைவுபடுத்துகிறார்.

ஹாரி பாட்டரின் கடைசி அத்தியாயத்தையும் பாருங்கள், பத்தொன்பது வருடம் கழித்து ரயில் நிலையத்தில் நடப்பது. அந்தத் தொடரில் உங்களுக்குப் பிடித்த பத்துக் காட்சிகளை எழுதச் சொன்னால் அதை எழுதுவீர்களா? நான் எழுதமாட்டேன். முடிவு முக்கியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாலாயிரம் பக்கத்தின் மதிப்பைக் கடைசி நாற்பது பக்கத்தின் கையில் ஒப்படைப்பது சரியான மதிப்பீட்டு முறையாகத் தெரியவில்லை.

எழுத்தாளர் நமக்குக் கடன்பட்டவரா?

இங்கே ஒரு விஷயத்தை வெளிப்படையாகப் பேச வேண்டும். மார்ட்டின் எதைப் பற்றி எழுதினாலும், ஒரு ஃபுட்பால் மேட்ச் பற்றி எழுதினாலும், "புக்கை முடிங்க முதல்ல" என்று கமென்ட் போடும் கூட்டம் இருக்கிறது. இன்னும் ஒரு படி மேலே போய் அவர் வயதையும் உடம்பையும் சொல்லி, முடிக்கிற வரை உயிரோடு இருப்பாரா என்று ஜோக் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். மீமாகப் பார்க்கும்போது நமக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. 1948-ல் பிறந்த ஒரு மனிதர் தன் பக்கத்தைத் திறந்தால் தினமும் இதைப் படிக்கிறார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

நாம் காசு கொடுத்து வாங்கியது அச்சான புத்தகத்தைத்தான். அது மோசம் என்றால் கிழித்துத் தொங்கவிடலாம், அது நம் உரிமை. மேலே நானும் ஐந்தாவது புத்தகத்தைத் திட்டித்தான் இருக்கிறேன். இன்னும் எழுதாத புத்தகத்துக்கு நாம் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. ஒரு எழுத்தாளரிடம் நான் எதிர்பார்ப்பது தேதி இல்லை, உண்மை நிலவரம்தான். சாண்டர்சன் தன் வலைத்தளத்தின் முகப்பிலேயே எந்தப் புத்தகம் எத்தனை சதவீதம் முடிந்தது என்று ப்ராக்ரஸ் பார் போட்டு வைத்திருக்கிறார். எல்லோராலும் அந்த வேகத்தில் எழுத முடியாது. அந்த வெளிப்படைத்தன்மை இருந்தால் வாசகர் எவ்வளவு வருடம் வேண்டுமானாலும் பொறுப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

சக்கரம் நின்ற இடம்

கடைசியாக ஒரு தொடர். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

'வீல் ஆஃப் டைம்' எழுதிய ராபர்ட் ஜோர்டான் நம்ம ஆள் மாதிரி. இயற்பியல் படித்தவர், வியட்நாம் போரில் இருந்தவர், அமெரிக்கக் கடற்படைக்கு நியூக்ளியர் இன்ஜினியராக வேலை பார்த்தவர். 1990-ல் முதல் புத்தகம் வந்தது. அதைத் தனியாகப் படித்தாலும் ஒரு முழுக் கதை. அப்புறம் தொடர் வளர்ந்து வளர்ந்து, 2003-ல் வந்த பத்தாவது புத்தகத்தில் கதை கிட்டத்தட்ட நகரவே இல்லை. ஒன்பதாவதன் முடிவில் நடந்த பெரிய சம்பவத்தின்போது மற்றவர்கள் எங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதே பெரும்பகுதி. தொடரின் ரசிகர்களே ஒப்புக்கொள்ளும் பலவீனமான பாகம் அது. 2005-ல் பதினோராவதில் மறுபடி வேகம் பிடித்தார்.

2006-ல் தனக்கு அமிலாய்டோசிஸ் என்ற அரிய நோய் இருப்பதை வாசகர்களிடம் அவரே சொன்னார். முடித்துவிட்டுத்தான் போவேன் என்ற பிடிவாதத்தோடு எழுதினார். 2007 செப்டம்பரில் இறந்துபோனார். வயது 58. கடைசி நாட்களில் கதையின் முடிவைக் குடும்பத்தாரிடம் வாயால் சொல்லிவைத்தார். கடைசிக் காட்சியை எழுதியும் வைத்திருந்தார்.

அவருடைய மனைவி ஹாரியட் மெக்டூகல்தான் அந்தத் தொடரின் எடிட்டரும். கணவர் இறந்த சில நாளில், ஒரு இளம் எழுத்தாளர் இணையத்தில் எழுதிய அஞ்சலிக் குறிப்பு அவர் பார்வைக்கு வந்தது. பள்ளிப் பருவத்திலேயே இந்தத் தொடரின் முதல் புத்தகத்தைக் கடையில் பார்த்து வாங்கி, ஒவ்வொரு பாகத்துக்கும் காத்திருந்து வளர்ந்து, அந்த ஆசையிலேயே எழுத்தாளராகவும் ஆன பையன். ஹாரியட் அவருடைய மிஸ்ட்பார்னை வாங்கிப் படித்தார், தொடரை முடிக்கும் வேலையை அவரிடமே கொடுத்தார். ஆமாம், பிராண்டன் சாண்டர்சன்தான். ஒரே புத்தகமாக ஜோர்டான் நினைத்திருந்த முடிவு 2009, 2010, 2013 என்று மூன்று புத்தகமாக வந்தது. பதினாலு பாகம், இருபத்து மூன்று வருடம். ஜோர்டான் எழுதிவைத்த கடைசிக் காட்சியோடுதான் கதை முடிகிறது.

நமக்கும் இது புதிது இல்லை. 1954-ல் கல்கி மறைந்தபோது 'அமரதாரா' பாதியில் நின்றது. குறிப்புகளை வைத்து அதை முடித்தவர் அவருடைய மகள் ஆனந்தி.

1990-ல் அந்தப் பையன் புத்தகக் கடையில் நின்று, "சீரிஸ் முடிஞ்சிருச்சா? இல்லையா? அப்போ முடிஞ்சதும் பார்த்துக்கலாம்" என்று திருப்பி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேறு யாராவது முடித்திருக்கலாம். ஆனால் முடிவதற்கு முன்பே படித்து, இருபது வருடம் அதோடு வாழ்ந்த ஒருவர்தான் முடித்தார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அதனால் இந்த செமஸ்டர் லீவுக்கு என் சிபாரிசு இது. முழுசாக முடிகிற ஒரே புத்தகம் வேண்டுமா, மிஸ்ட்பார்ன் முதல் பாகம். பெரிய பசி என்றால் மார்ட்டினின் முதல் மூன்று. அதோடு நிறுத்தினாலும் பாதகமில்லை. சின்னதாக, ஆழமாக வேண்டும் என்றால் எர்த்சீ. ஒவ்வொன்றும் இருநூறு பக்கத்தைச் சுற்றித்தான், பஸ்ஸிலேயே படித்துவிடலாம். பதினாலு பாகத்துக்கும் துணிந்தவர்களுக்கு வீல் ஆஃப் டைம், பத்தாவதில் மட்டும் பொறுமை தேவை. அடுத்த தடவை யாராவது ஒரு புத்தகத்தைச் சிபாரிசு செய்தால் "சீரிஸ் முடிஞ்சிருச்சா?" என்று கேட்காமல், "இந்த ஒண்ணை மட்டும் படிச்சா நல்லாருக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். நல்லாருக்கும் என்று பதில் வந்தால், அன்றைக்கே வாங்கிக்கொண்டு ரூமுக்குப் போய்விடுங்கள்.